மார்கரெட் ஸ்கின்னிடர் டீச்சருக்கு

அன்புள்ள டீச்சருக்கு,

இன்று அக்டோபர் 10, உங்கள் நினைவு நாள். 1916-ல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக டப்ளினில் நடந்த ஈஸ்டர் எழுச்சியில் யார் எங்கே நின்றார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பென்ஷன் கோப்பைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அயர்லாந்து ராணுவ ஆவணக் காப்பகம் அந்தக் கோப்புகளை இணையத்தில் போட்டிருக்கிறது. ஒருவர் உடம்பில் எங்கெங்கே குண்டு பாய்ந்தது என்று அவரைக் கேட்காமல் படிப்பது சங்கடமாகத்தான் இருந்தது. மன்னியுங்கள். ஆனால் படிக்காமல் விட்டால், 1925-ல் உங்களுக்கு நடந்தது யாருக்குத்தான் தெரியும்?

காயத்துக்கான பென்ஷன் கேட்டீர்கள். 1923-ம் வருடச் சட்டம் படைவீரர்களுக்கானது, படைவீரர் என்றால் ஆண் என்று அரசுக்குச் சட்ட ஆலோசனை வந்தது. விண்ணப்பம் தள்ளுபடி.

அதிலிருந்து 1916-ல் நீங்கள் போட்டிருந்த சீருடைக் கோட்டு என் மனதை விட்டுப் போகவில்லை. எழுச்சிக்காரர்கள் பிடித்து வைத்திருந்த அறுவை மருத்துவர் கல்லூரியின் கூரையில் துப்பாக்கியோடு இருக்கும்போது பச்சைச் சீருடை. தகவல் கொண்டு போகச் சொன்னால் அதைக் கழற்றிவிட்டு, சாம்பல் நிற கவுனும் தொப்பியும் போட்டுக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே. தீ வைக்கப் போன ஹார்கோர்ட் தெருவில் அந்தக் கடையின் கண்ணாடிக் கதவு உடைந்தபோது சீருடையில் இருந்தீர்கள். ‘வாங்க’ என்று கூப்பிட நீங்கள் திரும்பாமல் இருந்திருந்தால் மூன்று குண்டும் முதுகில்தான். உங்களோடு வந்த 17 வயது ஃபிரெட் ரையன் நடைபாதையில் ரத்தத்தில் கிடந்தான். கூட வந்த தோழர் பார்ட்ரிட்ஜ் உங்களைத் தூக்கி வந்தார். பெரிய மேசையில் கிடத்தி, அந்தப் புதுக் கோட்டை வெட்டி எடுத்தார்கள். அதற்காக அழுதேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கிளாஸ்கோவிலிருந்து வந்த கணக்கு டீச்சர், உடம்பில் மூன்று குண்டுக் காயத்தோடு, புதுக் கோட்டு போச்சே என்று அழுகிறார். அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் உங்கள் தலையைக் கோதிவிட வேண்டும் போலிருக்கும்.

ஆனால் உங்கள்மேல் கோபமும் இருக்கிறது. ஏன் டீச்சர் அவர்களிடம் போய்க் கேட்டீர்கள்? 1922-23 உள்நாட்டுப் போரில் நீங்கள் எதிர்த்து நின்ற அயர்லாந்து அரசு அது. உங்களைச் சிறையில் வைத்த அரசும் அதுதான். அந்தப் போரைப் பற்றி இங்கே இதற்கு மேல் எழுதப் போவதில்லை. டப்ளினில் இருக்கும் நண்பர்களும் இதைப் படிப்பார்கள், இரண்டு பக்கமும் செத்தவர்கள் உண்டு, வெளியாள் நான் தீர்ப்புச் சொல்வது நன்றாக இருக்காது. இருந்தாலும் கேட்காமல் இருந்திருக்கலாம்.

ஆனால் கேட்காமல் எப்படி இருப்பீர்கள்? குண்டு பட்டது வலது கையில். கரும்பலகையில் எழுத வேண்டிய கை. பிச்சையா கேட்டீர்கள்? எழுச்சியின்போது வாசித்த குடியரசுப் பிரகடனமே ‘அயர்லாந்தின் ஆண்களே, பெண்களே’ என்று இருவரையும் அழைத்துத்தான் தொடங்குகிறது. பெண்ணை அவ்வளவு ஆபத்தான வேலைக்கு அனுப்பத் தயங்கிய உங்கள் தளபதி மல்லினிடம், உயிரைப் பணயம் வைக்க எங்களுக்கும் அதே உரிமை உண்டு என்று அதை வைத்துத்தான் வாதாடினீர்கள். அவர் ஒத்துக்கொண்டார். மே 8-ம் தேதி பிரிட்டிஷார் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் ஒத்துக்கொண்டதை ஒன்பது வருடம் கழித்து உங்கள் சொந்த நாட்டு அரசு ஒத்துக்கொள்ளவில்லை.

1934-ல் புதுச் சட்டம் வந்து, 1938-ல் பென்ஷன் கிடைத்துவிட்டதே, அப்புறம் என்ன என்று ஒருவர் என்னிடம் கேட்டார். ராணுவச் சேவைப் பென்ஷனுக்கு 80,000 பேருக்கு மேல் விண்ணப்பித்ததில் சுமார் 15,700 பேருக்குத்தான் கிடைத்தது. அந்தக் கணக்கில் நீங்கள் அதிர்ஷ்டசாலியாம். எனக்கு அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. உங்களுக்கு அது 13 வருடம் தள்ளி வந்த பதில்.

அதற்குப் பிறகும் நீங்கள் ஓயவில்லை. ஆசிரியர் சங்கத்தில் பெண்களுக்குச் சமச் சம்பளம் வேண்டும் என்று நின்றீர்கள், 1956-ல் அதன் தலைவராகவும் ஆனீர்கள். அங்கேயும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. ஒரு மனுஷி எத்தனை தடவைதான் கேட்பது டீச்சர்?

அன்புடன்,
இன்னொரு கணக்கு டீச்சர்