அல்சருக்கு அதிமதுரம்: அளவையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் வயிற்றுப் புண்ணுக்கு அதிமதுரம், வாழைக்காய், மணத்தக்காளி மூன்றையும் பரிந்துரைத்திருந்தீர்கள். மூன்றுக்கும் ஆய்வு ஆதாரம் உண்டு. ஆனால் எந்தப் பாகம், எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு ஆகாது என்பது ஒன்றுமே அதில் இல்லை.

அதிமதுரத்தில்தான் இந்தக் குறை ஆபத்தாக முடியும். அந்த வேரிலுள்ள கிளிசிரைசின் என்ற பொருளை மாற்றியமைத்துத்தான் 1960-களில் கார்பெனாக்சலோன் என்ற அல்சர் மருந்து வந்தது. புண் ஆறியது, கூடவே உடம்பில் உப்பும் நீரும் தங்கி ரத்த அழுத்தம் ஏறியது, பொட்டாசியம் இறங்கியது. சிறுநீரகத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் செயலிழக்க வைக்கும் நொதியை அது தடுத்துவிடுவதே காரணம். வேர்ப்பொடியும் அதே வேலையைச் செய்யும். கிளிசிரைசின் நாளுக்கு 100 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்று ஐரோப்பிய உணவு அறிவியல் குழு 2003-ல் சொன்னது. வேரில் 4 சதவீதம் இருப்பதாக வைத்தாலே இரண்டரை கிராம் பொடியில், அதாவது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டியில், அந்த 100 வந்துவிடும். காலையும் மாலையும் என்றால் இரட்டிப்பு. பிரஷர், இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், நீர் பிரியும் மாத்திரை அல்லது டிஜாக்சின் என்ற இதய மருந்து சாப்பிடுபவர்களும், கர்ப்பிணிகளும் இதைத் தொடக் கூடாது. மற்றவர்களும் மாதக்கணக்கில் குடிப்பது தவறு.

வாழைக்காய் நம் களக்காடு, அம்பாசமுத்திரம் பக்கத்துச் சரக்கு என்பதால் இதையும் சொல்ல வேண்டும். ஆஸ்பிரினால் எலிகளுக்கு வந்த புண்ணைக் காய்ந்த வாழைக்காய்ப் பொடி தடுத்ததும் ஆற்றியதும் 1984-ல் வெளியானது. காக்கும் பொருள் லூகோசயனிடின் என்று 1999-ல் தெரிந்தது. அந்தச் சோதனையில் பலன் தந்தது கறிவாழையின் பழுக்காத காய் மட்டுமே. அதுவே பழுத்தபின் பலனில்லை. பழத்துக்கென்று வளர்க்கும் ரகங்களின் காயிலும் இல்லை. "வாழைப்பழம் அல்சருக்கு நல்லது" என்ற வரிக்கு இந்த ஆய்வைச் சாட்சிக்கு இழுக்க முடியாது.

மணத்தக்காளிக்கும் எலிச் சோதனைகள்தான் இருக்கின்றன. எலிக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் சாறுப்பொடி கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். எடையை மட்டும் வைத்துப் பெருக்காமல், வழக்கமான உடல் பரப்புக் கணக்கில் மாற்றினால் 60 கிலோ மனிதருக்கு ஏறக்குறைய 2 கிராம் வரும். நூறு கிராம் காய்ந்த சரக்கில் பத்து கிராம் சாறுப்பொடி தேறினால், அந்த 2 கிராமுக்குத் தினம் 20 கிராம் காய்ந்த சரக்கு வேண்டும். வாரம் ஒருநாள் கீரைக் குழம்பு நல்ல சாப்பாடுதான். அதை மருந்துக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இவையெல்லாம் இரைப்பையின் உள்சவ்வைக் காக்கும் சரக்குகள். புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி, அல்லது மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை. பீடி சுற்றி இடுப்புவலியும் கழுத்துவலியும் கண்ட பெண்கள் வெறும் வயிற்றில் அதைப் போடுவதைப் பற்றி உங்கள் பக்கம் அவசியம் எழுத வேண்டும். பீடி புகைப்பதும் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் இந்த ஹெலிகோபாக்டர் கிருமியைக் கொல்லும் தாவரப் பொருள்கள் பல. இரைப்பையில் அது சளிப் படலத்துக்கு அடியில் ஒளிந்திருப்பதால் தனியாக எதுவும் அதை ஒழிப்பதில்லை. ஆன்டிபயாடிக் சேர்ந்த கூட்டு மருந்தை வழக்கமாக 14 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். எரிச்சல் நின்றதும் ஐந்தாம் நாளே நிறுத்தினால் மிஞ்சிய கிருமி மருந்துக்கு மசியாமல் போகலாம். கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் மூச்சுப் பரிசோதனைக்கோ மலப் பரிசோதனைக்கோ போகுமுன், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் வகை மாத்திரையை 2 வாரமும் ஆன்டிபயாடிக்கை 4 வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று ரிசல்ட் வரலாம்.

குன்மத்துக்கு (வயிற்றுப் புண்ணைச் சித்த மருத்துவம் சேர்க்கும் நோய் வகை) சித்த மருந்து விரும்புகிறவர்கள் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி, சாப்பிட்டுவரும் ஆங்கில மருந்துகளையும் சொல்லி, அளவோடு வாங்கட்டும். தார் போலக் கறுத்த மலம் (இரும்புச் சத்து மாத்திரையாலும் கறுக்கும்), காபித்தூள் நிற வாந்தி, திடீரென்று வயிறு பலகைபோல் இறுகும் வலி, காரணமில்லாத எடைக் குறைவு இருந்தால் எந்தக் கஷாயமும் வேண்டாம். ரத்தக் கசிவைக் காட்டும் முதல் இரண்டோ இறுகிய வலியோ என்றால் அன்றே ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்த நான்கு அடையாளங்களையாவது அடுத்த இதழில் கட்டம் கட்டிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை