படிப்பக மன்றம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். பொங்கல் விளையாட்டு, கொடியேற்றம், கண் பரிசோதனை முகாம் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. கூரை ஒழுகல் அடைக்கப்பட்டது.

பாறைகளை ஆராய்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டைப் பற்றி மே மாதம் நடத்திய கண்காட்சியை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். "எவனோ ஒரு வெள்ளைக்காரன் கல் பொறுக்கின கதைக்கு மன்றப் பணமா?" என்று டீக்கடையில் பேசியது என் காதுக்கும் வந்தது. பேசியவர்கள் யாரும் வந்து பார்க்கவில்லை, அதனால் இங்கேயே பதில் சொல்கிறேன்.

ராபர்ட் புரூஸ் ஃபூட் 1834இல் இங்கிலாந்தில் பிறந்து, 1858இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து சென்னைக்கு வந்தவர். 1863இல் பல்லாவரத்தில் அவர் கண்டெடுத்த பழைய கற்காலக் கருவியை வைத்துத்தான் எல்லாரும் அவரைப் பேசுகிறோம், ஆனால் அவர் சம்பளம் வாங்கிய வேலை பாறைகளை ஆராய்ந்து எங்கே என்ன தாது இருக்கிறது என்று எழுதிவைப்பது. கர்நாடகத்தில் தார்வார் பக்கம் டம்பள் குன்றுகளின் பொன் தாங்கும் பாறைகளைப் பற்றி 1874இல் எழுதினார். தென்னிந்தியாவில் பொன் பெரும்பாலும் ஒருவகைப் பழைய பாறைப் பட்டைகளில்தான் கிடைக்கிறது என்று கண்டு, அவற்றுக்குத் தார்வார் என்று பெயர் வைத்தவரும் அவரே. பூமிக்கடியிலிருந்து விரிசல் வழியாக ஏறிவந்த சூடான நீர் குவார்ட்ஸ் என்ற வெள்ளைக் கல்லையும் பொன்னையும் அங்கே படியவிட்டிருக்கிறது. 3 கிலோமீட்டருக்கும் கீழே தோண்டி 2001இல் மூடிய கோலார் தங்கச் சுரங்கம், இன்னும் வேலை நடக்கும் ஹட்டி தங்கச் சுரங்கம், இரண்டுமே அப்படிப்பட்ட பட்டைகளில் உள்ளவை. 1891இல் ஓய்வு பெற்ற பிறகும் பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்காக உழைத்தார். 1912இல் இறந்தார்.

நமக்கு என்ன சம்பந்தம் என்றால், மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியல் பற்றி அவர் எழுதிய அறிக்கை 1883இல் வந்தது. ராமநாதபுரம் 1910இல்தான் தனி மாவட்டம் ஆனது, அதுவரை நாம் மதுரையில் இருந்தோம். ராமேஸ்வரம் தீவில் கடல்மட்டத்துக்கு மேலே நிற்கும் பவளப்பாறையைப் பற்றியும் எழுதியிருக்கிறார். நம் பிள்ளைகள் தினமும் அதன்மேல் ஏறி விளையாடுகிறார்கள், அது என்ன என்று நாம் ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை.

கண்காட்சிக்கு மறுநாள் மாணவர்களைக் கடற்கரைக்கு அழைத்துப்போனோம். கருமணல் கோடு கிடந்த இடத்தில் ஒரு பிடி அள்ளி, காகிதத்தில் பரப்பி, பழைய ஸ்பீக்கர் காந்தத்தை அடியில் நகர்த்தினால் சில கறுப்புத் துகள்கள் மட்டும் எழுந்து நின்று கூடவே ஓடின, சிவப்புத் துகள்கள் அப்படியே கிடந்தன. சுளகில் புடைப்பதுபோல அலை லேசான மணலை அடித்துக்கொண்டு போகிறது, கனமானது தங்கிவிடுகிறது; கன்னியாகுமரிப் பக்கம் மணவாளக்குறிச்சியில் தோண்டி எடுக்கும் இல்மனைட் என்ற கறுப்புத் தாதுவும் அப்படிச் சேர்ந்ததே. "இதில் தங்கம் இருக்குமா?" என்று எட்டாம் வகுப்புப் பெண் கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காகவே இதை இன்னொரு முறை நடத்துவேன்.

விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், ஆட்கள் ஊரில்தான் இருப்பார்கள் என்று பார்த்துத்தான் மே மாதம் வைத்தேன். வீடுவீடாகப் போய்ச் சொல்லியும் நிர்வாகக் குழுவிலிருந்தே பாதிப்பேர் வரவில்லை. வேலை இருந்தது என்றால் சரி, முந்தின நாளாவது சொல்லியிருக்கலாம். நாற்காலி வாடகையாவது மிஞ்சியிருக்கும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் மின்கட்டணம் பாக்கியில்லை, கையிருப்பு கொஞ்சம் இருக்கிறது, கண்காட்சிச் செலவில் பெரும்பகுதி நன்கொடையாக வந்தது. சந்தா மட்டும் பாதிக்கு மேல் நிலுவை. சிலர் மூன்று வருடமாகக் கட்டவில்லை, பேப்பர் படிக்கத் தவறாமல் வருகிறார்கள்.

இடம் கொடுத்த பள்ளிக்கும், பந்தல் போட்டவருக்கும், தலைவர், பொருளாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பிள்ளைகளை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய் ஃபூட்டின் சேகரிப்பைக் காட்ட வேண்டும், கல் மாதிரிகளுக்கு ஒரு கண்ணாடி அலமாரி வேண்டும். வேறு யாராவது செயலாளராக வந்து செய்தாலும் எனக்குச் சம்மதமே, கூட நின்று உழைப்பேன். யாரும் முன்வராவிட்டால் நானே பார்க்கிறேன், ஆனால் வெறுங்கையோடு முடியாது. ரசீதுப் புத்தகம் மாலை ஆறு மணிக்கு மேல் படிப்பகத்தில் என்னிடம் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்