அரைப்பேருக்கு ஏஐ எழுதின லெட்டர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்க பேப்பர்ல ஏஐ பத்தி வந்த கட்டுரைய கடையில உக்காந்து ரெண்டு தரம் வாசிச்சேன். வேலை போகாது, மாறும், பிள்ளைங்க ஏஐ படிச்சா போதும்னு போட்டிருந்தீங்க. எழுதினவர் நல்ல மனசோடதான் எழுதியிருப்பார், ஆனா ஹட்டன் டவுன்ல இருபது வருஷத்துக்கு மேல டைப்செட்டிங், போட்டோகொப்பி, லெட்டர் எழுதி குடுக்குறதுன்னு பொழைக்கிற எனக்கு அது அவ்வளவு லேசான விஷயமா படல.

நான் கடை போட்டது 2004ல. அதுக்கு முந்தின வருஷம்தான் இந்திய வம்சாவளி சனங்களுக்கு பிரஜாவுரிமை குடுக்குற சட்டம் வந்துச்சு, ஐடி எடுக்க, பிறப்பு சான்றிதழ்ல பேர் திருத்த, ஈபிஎஃப்னு சொல்ற சேமலாப நிதி சல்லி கேக்கன்னு தேயிலைத் தோட்டத்து சனங்க லெட்டர் எழுத வந்து நிப்பாங்க. பாமினின்னு பழைய தமிழ் பொன்ட்ல தட்டி பழகின விரல், பிறகு யுனிகோட் வந்துச்சு, திட்டிக்கிட்டே அதையும் பழகினேன். 2022 கடைசியில கேட்டா லெட்டரே எழுதி தர்ற சாட்ஜிபிடின்னு ஒரு ஏஐ வந்திருக்குன்னு சொன்னப்ப சிரிச்சேன். இப்ப ஏஎல் படிக்கிற பிள்ளைங்க சிங்கள லெட்டரையே போன்ல எழுதி, வாட்ஸ்அப்ல எனக்கு அனுப்பி, பிரின்ட் மட்டும் கேக்குதுங்க. பிரின்டுக்கு இருபது ரூபா, நான் எழுதி குடுத்தா முன்னூறு. கணக்கு உங்களுக்கே விளங்கும்.

ரெண்டு மாசத்துக்கு முந்தி நோர்வூட் பக்கத்து பிள்ளை ஒண்ணு ஒரு லெட்டரோட வந்துச்சு. அம்மாவுக்கு மூணு மாசமா அடிக்கடி அரைப்பேர் போட்டிருக்காங்கன்னு முறைப்பாடு. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு வாசகர்களுக்காக சொல்றேன், தோட்டத்துல பேர்னா ஒரு நாள் சம்பளம், சொன்ன கிலோ கொழுந்து வராட்டி அரைப்பேர்தான் விழும். பிள்ளை அதை தமிழ்ல டைப் பண்ணி சிங்களத்துல எழுதித்தான்னு ஏஐகிட்ட கேட்டிருக்கு. அது என்ன எழுதிச்சு தெரியுமா, "எனது தாயாரின் பெயர் மூன்று மாதங்களாக பாதி மட்டுமே பதியப்பட்டுள்ளது, முழுப்பெயரையும் பதிந்து தருமாறு தயவாய் கேட்டுக்கொள்கிறேன்"ங்கிற மாதிரி. சிங்களம் அழகான சிங்களம், என்னால கூட அப்படி எழுத ஏலாது. கொண்டு போய் குடுத்த இடத்துல பிறப்பு சான்றிதழ் கொப்பி கொண்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. வயசான அம்மா மழையில ரெண்டு பஸ் மாறி ரெண்டு தரம் போயிருக்கு.

இதை வச்சு ஏஐ ஒண்ணும் கிழிக்காதுன்னு சொல்ல வரல. அடுத்த வருஷமே அதுக்கு அரைப்பேர் என்னன்னு விளங்கிடும், நாமதானே ஒவ்வொரு நாளும் சொல்லி குடுக்குறோம். நான் சொல்ல வர்றது வேற.

ஐஎல்ஓன்னு சொல்ற சர்வதேச தொழில் அமைப்பு 2023ல ஒரு அறிக்கை விட்டுச்சு. இந்த மாதிரி ஏஐ கூடுதலா கை வைக்கிறது கிளார்க் வேலையிலதானாம், அந்த வேலைகள்ல நாலுல ஒரு பங்கு கிட்ட நேரா மெஷினுக்கு போகக்கூடியதாம், அதுலயும் ஆம்பிளைங்கள விட பொம்பிளைங்களுக்குத்தான் அடி கூடவாம். நம்ம பிள்ளைங்க தோட்டத்து லயத்து வீட்டை விட்டு வெளிய வந்தது எந்த வழியா? டீச்சிங் கெடச்ச கொஞ்ச பேரை விட்டா மத்ததெல்லாம் கொழும்புல கடை பில் போடுறது, ஒபிஸ்ல டேட்டா என்ட்ரி, போன் எடுக்குறது. அந்த முதல் படியத்தான் இப்ப கழட்டுறாங்க.

இந்த லெச்சணத்துல போன மாசம் ஒரு கூட்டத்துல ஒரு பெரியவர் மைக் புடிச்சு, ஏஐ வந்தாலும் கொழுந்து எடுக்குற வேலை போகாது, நம்ம சனங்க பயப்பட வேணாம்னு சொன்னார், கை வேற தட்டினாங்க. ஐயா, அந்த வேலையில இருந்து வெளிய வரத்தானே காதுத் தோட்டை அடகு வச்சு படிக்க வச்சோம்? ஆயிரம் ரூபா நாள் சம்பளம் 2021ல கையில வர எத்தனை வருஷம் ரோட்டுல நின்னோம்னு அவருக்கும் தெரியும்.

என் அக்கா மகள் கொழும்புல ஒரு கம்பனியில பில்ல பாத்து கம்பியூட்டர்ல அடிக்கிற வேலை செஞ்சா. ஆறு பேர் இருந்தாங்க. பில்ல போட்டோ எடுத்தா தானே வாசிக்கிற சொப்ட்வெயார் வந்துச்சு, இப்ப ரெண்டு பேர், அது வாசிச்சதை சரி பாக்க. இவ அந்த ரெண்டுல இல்ல. அவ வேலை போனப்ப கேக்க ஒரு நாதி இல்ல. 2025ல அவுஸ்திரேலியாவுல கொமன்வெல்த் பேங்க் போன் எடுக்க தானே பேசுற பொட் போட்டு 45 வேலைய வெட்டப் பாத்துச்சு, தொழிற்சங்கம் புடிச்சு கேட்டு, பேங்க் பிழைன்னு ஒத்துக்கிட்டு பின்வாங்கிச்சு. தோட்டத்துல மாசாமாசம் சந்தா வெட்ட சங்கம் இருக்கு. கொழும்புல மெஷின் முன்னால உக்காந்திருக்கிற அதே தோட்டத்து பிள்ளைக்கு எந்த சங்கம்? தலைவர்மார் யாரும் வாசிச்சா பதில் எழுதட்டும்.

கட்டுரைக்காரர்கிட்ட ஒண்ணு கேக்கணும். ஏஐ படிங்கன்னா எங்க படிக்கிறது? அக்கா மகள் டிப்ளோமா படிச்ச இடம் என் கடைக்கு எதிர் மாடிதான், அக்கா தோட்டை அடகு வச்சுதான் பீஸ் கட்டினா, டைப்பிங்கும் எக்செலும் சொல்லி குடுத்தாங்க. போன மாசம் போர்டை மாத்திட்டாங்க. அதே மாடி, அதே எட்டு கம்பியூட்டர், அதுல மூணு ஓன் ஆகாது, அதே சேர்தான் படிப்பிக்கிறார், பேர் மட்டும் ஏஐ டிப்ளோமா, பீஸ் ரெண்டு மடங்கு. அடுத்த தரம் எழுதுறப்ப இந்த மாதிரி கோர்ஸ்ல சேர முந்தி தாய் தகப்பன் என்னென்ன கேள்வி கேக்கணும்னு எழுதுங்க. எங்க டவுன்ல ஓஎல் ரிசல்ட் வந்ததும் நோட்டிஸ் குடுக்க ஆரம்பிச்சிடுவாங்க, அதுக்கு முந்தி வந்தா நல்லம்.

அந்த நோர்வூட் அம்மாவோட லெட்டரை திருப்பி நானே எழுதி குடுத்தேன், இன்னும் பதில் வரல.

இப்படிக்கு,
டைப்செட்டிங் கடைக்காரன்,
ஹட்டன்