குழுக் கணக்கு எல்லார் போனிலும் இருக்கட்டும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மகளிர் குழு ஊக்குநர்களுக்கும் பிரதிநிதிகளுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்கா, தங்கைகளுக்கு வணக்கம்.

தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கியது நம் மண்ணில்தான். 1989இல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அன்றைய தருமபுரி மாவட்டத்தில் ஆரம்பித்த வேலை அது. கிருஷ்ணகிரி 2004இல்தான் தனி மாவட்டமானது. மாநிலத்துக்கே வழிகாட்டிய நாம் இன்னும் பேரேட்டை ஒருவர் பையிலேயே வைத்திருக்கிறோம். அவர் ஊருக்குப் போய்விட்டால் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று சொல்ல ஆளில்லை. பாலக்கோடு பக்கம் ஒரு குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவள் என்ற முறையில் இதை மாற்றச் சொல்லி உங்களைக் கேட்கிறேன்.

காசு செலவில்லை. போனிலேயே கட்டம் போட்டுக் கணக்கு எழுதி எல்லாரும் பார்க்கும்படி பகிர உதவும் கூகுள் ஷீட்ஸ் செயலி போதும். பெயர், சேமிப்பு, கடன் பாக்கி, வட்டி, கட்டிய அசல், அவ்வளவுதான். 10,000 ரூபாய் கடனுக்கு நூற்றுக்கு 1 ரூபாய் வட்டி என்றால் முதல் மாதம் 100 ரூபாய். அசலில் 1,000 கட்டிவிட்டால் அடுத்த மாதம் 90. இதை ஒரு தடவை ஃபார்முலாவாகப் போட்டு வைத்தால் பாக்கி குறையக் குறைய வட்டியும் தானாகக் குறைந்து நிற்கும். "எனக்கு ஏன் இவ்வளவு?" என்று கேட்கிற தங்கச்சி தன் போனிலேயே தன் பெயருக்கு நேரே உள்ள கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம். திருத்தும் உரிமை இரண்டு பேருக்கு மட்டும் கொடுங்கள், மற்றவர்கள் பார்க்கட்டும். யார் எப்போது எதை மாற்றினார் என்பதும் அதில் பதிவாகிவிடும். கணக்கில் சந்தேகம் வந்து முகம் பார்க்காமல் போன குழுக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஒரு சிக்கல் உண்டு. பல வீடுகளில் போனில் இருப்பது மகன் பெயரிலோ வீட்டுக்காரர் பெயரிலோ உள்ள மெயில் ஐடி. முதலில் ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் ஐடி தொடங்கிக் கொடுங்கள். அது குழுக் கணக்கைவிடப் பெரிய வேலை, ஆனால் அவசியமான வேலை. ஆதார் எண், ஏடிஎம் ரகசிய எண் எதையும் ஷீட்டில் எழுதவே வேண்டாம்.

பலர் சேர்ந்து வேலைகளையும் குறிப்புகளையும் பகிர்ந்துகொள்ளும் ட்ரெல்லோ, நோஷன் என்ற இரண்டு செயலிகளையும் பார்த்தேன். அலுவலகங்களுக்கு நல்லவைதான். ட்ரெல்லோவில் இலவசமாக 10 பேருக்கு மேல் சேர்க்க முடியாது, நம் குழுக்களிலோ பெரும்பாலும் அதற்கு மேல் இருக்கிறோம். நோஷன் நமக்கு வேண்டியதைவிட மிகப் பெரிது.

வீட்டுக்கு எனக்குப் பிடித்தது கூகுள் கேலண்டர். மாட்டுக்குச் சினை ஊசி போட்ட அன்றே 21ஆம் நாளுக்கு ஒரு நினைவூட்டல் வைத்துவிடுவேன். அன்றைக்கு மறுபடி பருவத்துக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும், வந்தால் சினை பிடிக்கவில்லை என்று அர்த்தம், தவறவிட்டால் இன்னொரு 21 நாள் வீண். கடன் தவணைத் தேதியும் அதிலேயே மாதாமாதம் வரும்படி வைக்கலாம். பால் கணக்குக்குத் தட்டச்சுகூட வேண்டாம், ஜிபோர்டு என்ற கூகுள் விசைப்பலகையின் மைக்கைத் தொட்டு "காலை மூன்றரை லிட்டர்" என்று தமிழில் சொன்னால் அதுவே எழுதிக்கொள்ளும்.

இலவசம் என்பதால் முழுதாக நம்பிவிடவும் கூடாது. செய்ய வேண்டிய வேலைகளைப் பட்டியலிட உதவிய வுண்டர்லிஸ்ட் என்ற நல்ல செயலியை மைக்ரோசாஃப்ட் 2020இல் மூடிவிட்டது. குறிப்பெழுதும் செயலியான எவர்நோட் 2023 கடைசியில் இலவசக் கணக்கில் 50 குறிப்புகளுக்கு மேல் வைக்க முடியாமல் செய்துவிட்டது. 2 வருடம் தொடாத கூகுள் கணக்கை அந்த நிறுவனம் அழித்துவிடலாம். அதனால் தீர்மானப் புத்தகமும் பேரேடும் இருக்கத்தான் வேண்டும், கையெழுத்தும் அவற்றில்தான். மாதம் ஒருமுறை ஷீட்டையும் அச்செடுத்துப் பேரேட்டில் ஒட்டிவிடுங்கள்.

அடுத்த ஊராட்சிக் கூட்டமைப்புக் கூட்டத்தில் இதற்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு குழு மட்டும் முன்வந்து ஒரு மாதம் நோட்டிலும் போனிலும் சேர்த்து எழுதிப் பார்க்கட்டும். இரண்டும் ஒத்துவந்தால் அடுத்த குழு. ஃபார்முலா போட்ட வெற்றுப் படிவத்தை நான் தருகிறேன், கற்றுக்கொடுக்கவும் வருகிறேன்.

இப்படிக்கு,
பாலக்கோடு வட்டத்திலிருந்து ஒரு குழுவின் கணக்கர்