பிராந்திய ராணுவ வீரர்களுக்கும் மாவட்ட நிர்வாகம் துணை நிற்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குமரி மாவட்டத்தில் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பாத ஊர் அரிது. ஆனால், 'டி.ஏ.' (டெரிட்டோரியல் ஆர்மி) என்று சொல்லப்படும், தேவைப்படும்போது மட்டும் பணிக்கு அழைக்கும் பகுதிநேரப் படையான பிராந்திய ராணுவத்தில் தாமாகவே முன்வந்து சேர்ந்து, பிழைப்புக்கு ஒரு தொழிலும் நாட்டுக்கு ஒரு சீருடையுமாக வாழும் இளைஞர்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. 2011-இல் தோனிக்கு அப்படையில் கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி வழங்கப்பட்டபோது பெயரைக் கேள்விப்பட்டதுடன் பலரும் நிறுத்திக்கொண்டோம்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் அப்படிச் சேர்ந்தவன். ரப்பர் ஷீட்டுகளை ஒதுக்கிவிட்டு அதே கொடியில் அவன் சீருடையைக் காயப்போட்டு, வெயில் மாறும்போதெல்லாம் அவன் அம்மா திருப்பிப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். எல்லைப் பணிக்கு அழைப்பு வந்து சென்றவன், பல மாதங்கள் கழித்து ஊர் திரும்பி, டிரங்குப் பெட்டியைத் திண்ணையில் இறக்கி வைத்த கையோடு தான் வேலை பார்த்த கடைக்குப் போனான். 'வேறு ஆளைப் போட்டாச்சு, தம்பி' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவன் யாரிடமும் முறையிடவில்லை; எங்கே முறையிடுவது என்று எங்களுக்கும் தெரியவில்லை.

இத்தனைக்கும், பணிக்கு அழைக்கப்படுபவருக்கு விடுப்பு கொடுத்து, திரும்பியதும் மீண்டும் வேலையில் சேர்த்துக்கொள்வது முதலாளியின் கடமை என்று 1948-ஆம் ஆண்டின் பிராந்திய ராணுவச் சட்டமே சொல்கிறது. அரசு ஊழியருக்கு அது ஓரளவு கைகொடுக்கும். கடையிலும் பட்டறையிலும் நாள் சம்பளத்துக்கு நிற்பவருக்கு அப்படியொரு சட்டம் இருப்பதை எடுத்துச் சொல்லக்கூட ஆள் இல்லை.

அடுத்த குறை இன்னும் வருத்தமானது. பணியில் இருக்கும் நாட்களுக்கு மட்டுமே இவர்களுக்குச் சம்பளம். விட்டுவிட்டு அழைக்கப்படும் காலமெல்லாம் சேர்ந்து 15 ஆண்டுகள் ஆனால்தான் சிப்பாய்க்கு ஓய்வூதியம். ஓய்வூதியம் பெறுவோர், பணியால் உடல் ஊனமுற்றோர், வீரப்பதக்கம் பெற்றோர் ஆகியோரைத் தவிர மற்றவர்கள் 'முன்னாள் படைவீரர்' என்ற வரையறைக்குள் வருவதில்லை. பத்து ஆண்டுகள் அழைத்தபோதெல்லாம் போய் நின்ற ஒருவர், நாகர்கோவிலில் நடக்கும் முன்னாள் படைவீரர் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு எந்த உரிமையோடு மனு எடுத்துச் செல்வார்?

வரையறையை மாற்ற வேண்டியது மத்திய அரசு. அதற்குக் காத்திராமல் நம் மாவட்ட நிர்வாகம் செய்யக்கூடியவையும் உண்டு. குறைதீர்க்கும் கூட்டத்தில் இவர்களின் மனுக்களையும் பெறலாம். வேலை மறுக்கப்படும்போது தொழிலாளர் துறை வழியாக உரிமையாளரை அழைத்துப் பேசலாம். அண்ணா விளையாட்டரங்கில் ஆட்சியர் கொடியேற்றும் சுதந்திர தினத்தன்று இவர்களில் சிலரையும் மேடைக்கு அழைத்துச் சிறப்பிக்கலாம். 1949 அக்டோபர் 9 அன்று இப்படையைத் தொடங்கி வைத்தவர் அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. வரும் அக்டோபர் 9-க்குள், இம்மாவட்டத்தைச் சேர்ந்த பிராந்திய ராணுவ வீரர்களின் பட்டியலையாவது ஆட்சியர் அலுவலகம் தயாரிக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
தக்கலை.