உபரிநீர் போகும் வழிக்கு எல்லைக்கல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை வலுத்துப் பூண்டி, புழல் ஏரிகளின் மதகுகள் திறக்கப்படும்போதெல்லாம், தாழ்வான பகுதிகளில் வசிப்போர் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு வெளியாகும் அறிவிப்பில் மணலி புதுநகர், சடையங்குப்பம், எண்ணூர் ஆகிய பெயர்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. எத்தனை கன அடி திறக்கப்படுகிறது என்று சொல்லும் அரசு, அந்த நீர் கடலைச் சேரும் வழியில் எவ்வளவு நிலம் மிச்சமிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டாமா?

பூண்டியின் உபரிநீர் தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைக் கடந்து கொசஸ்தலை ஆற்றில் வருகிறது. புழலின் உபரிநீர் தனிக் கால்வாயில் வந்து சடையங்குப்பம் அருகே அதே ஆற்றில் சேர்கிறது. இரண்டுக்கும் எண்ணூர் முகத்துவாரமே வழி. கடல்நீர் ஏறியிருக்கும் நேரத்தில் வெள்ளம் உடனே வடியாது என்பதால், அதைச் சில மணி நேரமாவது பரப்பித் தாங்கி நின்றவை கழிமுகத்தைச் சுற்றிலும் இருந்த சதுப்பு நிலங்களும் உப்பளங்களும் அலையாத்திக் காடுகளும்தான். அரசு நிலம் என்றால் கேட்பவருக்குக் கொடுத்துவிடலாம் என்ற நினைப்பில், அவற்றில் கணிசமான பகுதி துறைமுகங்களுக்கும் மின் நிலையங்களுக்கும் நிலக்கரிக் கிடங்குகளுக்கும் போய்விட்டது. எஞ்சிய நீர்ப்பரப்பிலும் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருக்கிறது. ஆழம் குறைந்துவிட்டதை மீனவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தார்கள். சாம்பலை அகற்றிக் கழிமுகத்தைச் சீரமைக்க வேண்டும் என்ற தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவு 2022இல்தான் வந்தது. அடுத்த ஆண்டே மிக்ஜாம் புயலின்போது வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் குப்பங்களுக்குள் புகுந்தது.

ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு கொசஸ்தலை வடிநிலப் பகுதியில் மழைநீர் வடிகால்கள் கட்டப்படுவதை நான் குறை கூறவில்லை. தெருக்களுக்கு அவை தேவைதான். ஆனால் அவை தெருநீரை முன்னைவிட வேகமாக ஆற்றுக்குக் கொண்டுவரும். வாங்கிக்கொள்ள ஆற்றில் இடம் வேண்டும்.

எனவே, நீர்வளத் துறையும் வருவாய்த் துறையும் இணைந்து, வல்லூர் அணைக்கட்டு முதல் முகத்துவாரம் வரை ஆற்றையும் அதன் வெள்ளப் பரப்பையும் அளந்து எல்லைக்கல் நட்டு, சர்வே எண் வாரியாக வரைபடத்தை வெளியிட வேண்டும். ஒவ்வொரு பருவமழைக்கு முன்பும் முகத்துவாரத்தின் ஆழத்தை அளந்து அறிவிக்க வேண்டும். அதுவரை இப்பகுதியில் எந்த அரசு நிலத்தையும் குத்தகைக்கோ வேறு பயன்பாட்டுக்கோ தரக் கூடாது. தந்தே ஆக வேண்டுமென்றால், அந்த நிலம் இதுவரை தாங்கிய வெள்ளம் இனி எங்கே போகும் என்பதைக் கோப்பிலேயே எழுதி, ஆணை பிறப்பிக்கும் முன் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
எர்ணாவூர், சென்னை.