கிணற்றுக் கயிறு

அன்பு மகன் குமரனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். பணம் முதல் தேதியே வந்துவிட்டது. போன்தான் 22 நாளாக வரவில்லை. வேலை அதிகம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வெயிலில் நிற்காதே, தண்ணீர் நிறையக் குடி.

மேலத்தெரு விஷயம் ஒருவழியாக முடிந்தது. பெரியத்தான் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவர் சொன்னதை மனதில் வைக்காதே. பாப்பா உயிரெழுத்து முழுதும் எழுதுகிறாள்; 'ஃ' போடும்போது உன்னைப் போலவே மூன்றாவது புள்ளியை அழுத்திக் குச்சியை ஒடிக்கிறாள். கலா நன்றாக இருக்கிறாள். அப்படித்தான் அவளும் சொல்கிறாள்.

போன வாரம் கிணற்றுக் கயிறு மாற்றினேன். பழைய கயிற்றை அவிழ்த்துக் கையில் எடுத்தால், கப்பியில் ஓடும் இடத்தில் மூன்று புரியில் ஒன்று அறுந்தே போயிருக்கிறது. இன்னொன்று நார் நாராகப் பிரிந்து நிற்கிறது. அதில்தான் தினமும் இறைத்துக்கொண்டிருந்தோம். யாருக்கும் தெரியவில்லை.

அன்று இரவு நற்றிணையை எடுத்தேன். 284ஆம் பாட்டு. பத்தாம் வகுப்புப் படிக்கும்போது திண்ணையில் உட்கார்ந்து பதினோரு அடியையும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாயே, அதே பாட்டு. முப்பது வருடம் பாடம் நடத்தினேன். அப்படிச் சொன்ன பிள்ளை வேறு யாருமில்லை. ஆனால் இப்போது அப்பாவிடம் ஒரு வார்த்தை பேச நேரமில்லாத வேலை என்ன வேலை?

பொருள் தேடிப் போனவன் நடுவழியில் தவிக்கிறான். 'துயர் தீர்ப்போம், அவளிடம் போவோம்' என்கிறது நெஞ்சம். எடுத்த வினையை முடிக்காமல் விட்டால் அறியாமையும் இழிவும் வந்து சேரும் என்று எடைபோட்டு, 'சிறிது நனி விரையல்' என்கிறது அறிவு. கரும்பலகையில் இந்த இரண்டையும் எழுதி, அறிவின் கீழ் கோடு போடுவேன். அதுதான் விடை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பாட்டில் அந்த விடை இல்லை, குமரா. அறிவுகூடப் போகாதே என்று சொல்லவில்லை. கொஞ்சம் பொறு, அவசரப்படாதே என்றுதான் சொல்கிறது. அந்தக் கொஞ்சம் எத்தனை நாள் என்று புலவர் சொல்லவில்லை. இரண்டு களிறுகள் ஆளுக்கொரு பக்கம் பற்றி இழுக்கும் 'தேய்புரிப் பழங்கயிறு போல' என் உடம்பு அழிந்துபோகுமோ என்று கேட்டு நிறுத்திவிடுகிறார். அவர் சொந்தப் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று அந்தக் கயிறே பெயராக நின்றுவிட்டது.

2018 ஆவணியில் 'வந்துவிடட்டுமா அப்பா' என்று நீ கேட்டாய். மலர் கல்யாணக் கடன் அப்போது பாதிகூடத் தீரவில்லை. 'செய்வினை முடியாது எவ்வம் செய்தல் எய்யாமையோடு இளிவு தலைத்தரும்' என்று உனக்குச் சொன்னேன். நீயும் 'சரிப்பா' என்று வைத்துவிட்டாய். கடைசி மூன்று அடியை நான் சொல்லவில்லை. மறந்துபோய் விட்டதில்லை. வாயில் வந்ததை விழுங்கினேன். அன்று அறிவு என்று உன்னிடம் பேசியது என் கடன் பயம். தமிழ் வாத்தியார் பெற்ற பிள்ளையிடமே பாட்டைப் பாதியில் நிறுத்தினேன். இதை உன் அம்மாவிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

கடன் சித்திரையோடு தீர்ந்துவிட்டது. வீட்டுப் பத்திரம் பீரோவில் இருக்கிறது. 'இன்னும் ஒரு வருடம்' என்று நீ சொல்லும் ஒவ்வொரு முறையும் கலா தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுகிறாள். அதற்குமேல் நான் எழுதக்கூடாது. எப்போது வருகிறாய் என்றும் கேட்கவில்லை. இருப்பதானால் இரு, அது உன் கணக்காக இருக்கட்டும், என் கணக்காக வேண்டாம். எனக்கல்ல, அவளுக்குப் போன் செய். இரவு ஒன்பதுக்குமேல் செய், அப்போதுதான் பாப்பா தூங்கியிருப்பாள்.

பழைய கயிற்றைக் கலா சுருட்டிக் கொடிக்கம்பியில் மாட்டியிருக்கிறாள். எறியச் சொன்னேன், இருக்கட்டும் மாமா என்கிறாள்.

வெயிலில் நிற்காதே. தண்ணீர் நிறையக் குடி.

அப்பா